வெளிநாட்டில் பேரிடரில் சிக்கினால்: தன்னார்வலராகப் போகும் குமரி மாவட்டப் பிள்ளைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை. நேபாளத்தில் வார விடுமுறை ஞாயிறு கிடையாது, சனிதான். அதனால் பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. சிந்துபால்சோக் மாவட்டத்தில், சௌதாரா என்ற சின்ன டவுனுக்கு மேலே உள்ள ஒரு மலைக்கிராமத்தில், குழாயடியில் உட்கார்ந்து துணி அலசிக்கொண்டிருந்தேன். பகல் 11.56க்குத் தரை அசைந்தது. வாளி தானாக நகர்ந்து போனதுதான் முதலில் கண்ணில் பட்டது. பிறகு எதிர்மலையில் அங்கங்கே மஞ்சள் தூசி எழுந்தது. ஒவ்வொரு தூசியும் ஒரு வீடு என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கோர்க்கா மாவட்டத்தின் பார்பாக் பகுதியை மையமாகக் கொண்ட அந்த நிலநடுக்கத்தின் அளவு 7.8. ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள். அதிக உயிர் போனது நான் இருந்த சிந்துபால்சோக்கில்தான். அன்று பள்ளி நாளாக இருந்திருந்தால் அந்தக் கணக்கு எங்கே போயிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

மூன்று மாதம் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்கப் போனவள் நான். சொந்த ஊர் குளச்சல் பக்கம். 2004 சுனாமி வந்தபோது ஏழாம் வகுப்பு. இப்போது நம் மாவட்டத்திலிருந்து நிறையப் பிள்ளைகள், நர்சிங் முடித்தவர்கள், ஆசிரியர் பயிற்சி முடித்தவர்கள், எஞ்சினியரிங் முடித்துவிட்டு ஒரு வருடம் வேறு ஏதாவது செய்யலாம் என்று நினைப்பவர்கள், தன்னார்வலராக வெளிநாடு போகிறார்கள். போகும் முன் சிலர் என்னிடம் வந்து கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். இதில் பாதி நேபாளத்தில் கற்றது. மீதி, நம் கடற்கரையில் நிவாரணம் வாங்குகிற வரிசையில் நின்று பார்த்தது. அங்கே எனக்கு அதிகம் கைகொடுத்தது அந்த இரண்டாவது பாதிதான்.

1. கிளம்பும் முன், வீட்டிலேயே முடிக்க வேண்டியவை

உங்களை அனுப்புகிற அமைப்பிடம் மூன்று கேள்வி கேளுங்கள். பேரிடர் வந்தால் என்னைத் தேடி வருபவர் யார், அவர் பெயரும் எண்ணும் என்ன? அவர் அந்த நாட்டிலேயே இருக்கிறாரா? போக்குவரத்து நின்றுவிட்டால் எத்தனை நாளுக்கு எனக்குச் சாப்பாடு இருக்கும்? பதில் மழுப்பலாக வந்தால் அந்த அமைப்போடு போகாதீர்கள். நான் கேட்கவில்லை. நிலநடுக்கத்துக்குப் பிறகு எங்கள் ஒருங்கிணைப்பாளரின் போன் ஒன்பது நாள் எடுக்கப்படவே இல்லை.

காப்பீட்டுப் பத்திரத்தில் இரண்டு விஷயம் பாருங்கள்: இயற்கைச் சீற்றம் சேர்த்தியா, அங்கிருந்து வெளியேற்றும் செலவு சேர்த்தியா. பல மலிவான பாலிசிகளில் இரண்டாவது இருக்காது.

டெட்டனஸ், டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ ஊசிகளை ஒரு மாதத்துக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். இடிபாட்டில் ஆணி கிழிக்காத கால் கிடையாது, அதனால் டெட்டனஸ் ஊசியை மட்டும் தள்ளிப்போடவே கூடாது.

போய்ச் சேர்ந்ததும் இந்தியத் தூதரகத்தில் உங்கள் பெயரையும் தங்கும் ஊரையும் பதிவு செய்யுங்கள். நேபாளத்துக்கு நமக்கு விசா வேண்டாம், வாக்காளர் அட்டையே போதும் என்பதால் பலர் சத்தமில்லாமல் போய்விடுகிறார்கள். அப்படிப் போனால் தேடும்போது உங்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது. பாஸ்போர்ட் நகல் வீட்டில் ஒன்று, உங்கள் பையில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று இருக்கட்டும். பாஸ்போர்ட் இடிபாட்டில் போய்விட்டால், ஊர் திரும்பத் தூதரகம் அவசரச் சான்றிதழ் தரும். கையில் நகல் இருந்தால் அந்த வேலை சீக்கிரம் முடியும்.

கடைசியாக, வீட்டில் ஒரே ஒரு ஆளைத் தொடர்பாளராக வையுங்கள். அம்மா வேண்டாம். பதறாமல் போன் எடுக்கிற மாமாவோ அக்காவோ போதும். உங்களிடமிருந்து வரும் ஒரு குறுஞ்செய்தியை அவர் மற்ற எல்லோருக்கும் சொல்லிவிடுவார்.

2. போய் இறங்கிய முதல் வாரம்

புது ஊரில் முதல் வாரம் கோயிலையும் மலையையும் பார்ப்பதில் போய்விடும். அதில் ஒரு சாயங்காலத்தை ஒதுக்கி, தங்கும் வீட்டைச் சுற்றி நடங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, திறந்த வெளி எது, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், நடந்தே போகும் பாதை உண்டா என்று பார்த்து வையுங்கள். வீடு கல்லும் களிமண்ணும் வைத்துக் கட்டியதா, கான்கிரீட் தூண் வைத்ததா என்று கவனியுங்கள். சிந்துபால்சோக்கில் சரிந்தவை பெரும்பாலும் கல்லும் களிமண்ணும் வைத்துக் கட்டிய வீடுகள்.

தீவு நாட்டுக்கோ கடற்கரை ஊருக்கோ போகிறீர்கள் என்றால், மேட்டு நிலம் எங்கே என்பதை முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். நிற்க முடியாத அளவு தரை குலுங்கினாலும், குலுக்கல் நிற்காமல் நீண்டாலும், கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலும், சைரனுக்குக் காத்திருக்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் கீழமணக்குடியிலும் இது யாருக்கும் தெரியாது.

அப்புறம், உறவுமுறைச் சொற்கள். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். நேபாளியில் அண்ணனை ‘தாய்’ என்பார்கள், அக்காவை ‘தீதி’, அம்மாவை ‘ஆமா’. நம் காதுக்கு முதல் நாள் எல்லாம் குழம்பும். ஆனால் இருட்டில், தூசியில், யாரையாவது பிடித்து நிறுத்த வேண்டுமென்றால் இந்த மூன்று சொல்தான் கைகொடுக்கும். நிலநடுக்கத்துக்கு அவர்கள் சொல்லும் ‘பூகம்ப’வும் தார்ப்பாய்க்குச் சொல்லும் ‘திரிபா’லும் நமக்குச் சட்டென்று பிடிபடும்.

பையில் எப்போதும் இருக்க வேண்டியவை: டார்ச், விசில், க்ளோரின் மாத்திரை, ஓ.ஆர்.எஸ். பாக்கெட், கட்டுத்துணி, நீங்கள் தினமும் போடும் மாத்திரை இரண்டு வாரத்துக்கு, பவர் பேங்க், சின்ன நோட்டுகளாகப் பணம். ஏ.டி.எம். வேலை செய்யாது. பெரிய நோட்டுக்குச் சில்லறையும் கிடைக்காது. பெண்கள் இரண்டு மாதத்துக்கான நாப்கினோ துணியோ வைத்துக்கொள்ளுங்கள். நிவாரண லாரியில் அது வருவதற்கு வாரக்கணக்காகும். இந்தப் பை கட்டிலுக்கு அடியில் வேண்டாம், கதவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

3. முதல் ஒரு மணி நேரம்

குலுங்கும்போது வெளியே இருந்தால் சுவர், மின்கம்பி, பாறைச்சரிவு மூன்றையும் விட்டு விலகி உட்காருங்கள். உள்ளே இருந்தால் உறுதியான மேசைக்கு அடியில் போய்த் தலையைக் காத்துக்கொள்ளுங்கள். கல்வீட்டில் இருந்து, கதவும் ஓரிரு அடியில் இருந்தால் மட்டும் வெளியே பாயலாம்.

நின்றதும் எல்லோருக்கும் தோன்றுவது, உள்ளே ஓடி எதையாவது எடுத்து வரலாம் என்பது. போகாதீர்கள். அன்று ஏறத்தாழ அரைமணி நேரத்தில் 6.6 அளவில் ஒரு பின்னதிர்வு வந்தது. மறுநாள் மதியம் 6.7. முதல் தடவை நின்றிருந்த சுவர்கள் அப்போதுதான் விழுந்தன. என் பாஸ்போர்ட் உள்ளேதான் கிடந்தது. நான்காம் நாள், தூண்கொம்பு வைத்து முட்டுக்கொடுத்த பிறகு ஒரு தச்சர் எடுத்துத் தந்தார்.

இடிபாட்டிலிருந்து உயிரோடு வந்தவர்களில் பெரும்பாலானோரைத் தூக்கியது பக்கத்து வீட்டுக்காரர்கள்தான். ஹெலிகாப்டர் அதற்குப் பிறகுதான் வரும். எனவே நீங்களும் கை கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் ஊர்க்காரர் ஒருவர் சொல்கிறபடி. எந்த வீட்டில் யார் எந்த மூலையில் படுப்பார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். கற்களை மேலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள். நடுநடுவே எல்லோரும் பேச்சை நிறுத்திக் காது கொடுங்கள். முதுகிலோ கழுத்திலோ அடிபட்டவரைக் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். கதவுப் பலகையில் நேராகக் கிடத்தித் தூக்குங்கள். ரத்தம் வழிந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்தே இருங்கள், நொடிக்கொரு தடவை எடுத்துப் பார்க்க வேண்டாம்.

4. வீட்டுக்குச் செய்தி

போன் கால் போகாது. குறுஞ்செய்தி போகும், தாமதமாகவாவது போகும். இந்த வடிவத்தை மனப்பாடமாக வையுங்கள்: உயிரோடு இருக்கிறேன், காயம் உண்டு அல்லது இல்லை, நிற்கும் ஊர், கூட இருப்பவர், அடுத்த செய்தி எப்போது. அனுப்பிவிட்டுப் போனை அணைத்துவிடுங்கள். சொன்ன நேரத்துக்கு மட்டும் ஆன் செய்யுங்கள். நேபாள நேரம் நம்மைவிடக் கால்மணி நேரம் முன்னால் என்பதையும் வீட்டில் சொல்லி வையுங்கள். சொன்ன நேரம் எந்த நாட்டு நேரம் என்று தெரியாமல் அவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

என் செய்தி மறுநாள் மாலைதான் குளச்சலுக்குப் போய்ச் சேர்ந்தது. அதுவரை அம்மா டிவி முன்னாலேயே இருந்திருக்கிறார். காத்மாண்டுவில் விழுந்த தரஹரா கோபுரத்தைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறார்கள். நான் அதற்குள் இருப்பதாகவே அம்மா முடிவு கட்டிவிட்டார். முதல் தடவை பேச முடிந்தபோது, “மக்களே, நீ எங்க நிக்க?” என்பதைத் தவிர அவருக்கு வேறு எதுவும் வரவில்லை. அதையே நாலு தடவை கேட்டார்.

செய்தியே வரவில்லை என்றால் வீட்டிலுள்ளவர்கள் செய்ய வேண்டியது: நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தின் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077. அங்கே பெயர், பாஸ்போர்ட் எண், கடைசியாகத் தங்கிய ஊர், அனுப்பிய அமைப்பு ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். பெரிய பேரிடர் என்றால் வெளியுறவு அமைச்சகமும் தனிக் கட்டுப்பாட்டு அறை திறக்கும். உங்கள் படத்தைப் போட்டு “காணவில்லை” என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவது கடைசி வழியாக இருக்கட்டும். கிடைத்த பிறகும் அந்தச் செய்தி மாதக்கணக்கில் சுற்றும்.

5. முதல் மூன்று நாள்: தண்ணீர், சோறு, படுக்கை

குடிக்க மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் வேண்டும். சமையல், கழுவல், குளியல் எல்லாம் சேர்த்து 15 லிட்டராவது வேண்டும் என்பது நிவாரணப் பணியில் உலகம் முழுக்க வைத்திருக்கும் அளவு. நிலநடுக்கத்துக்குப் பிறகு மலை ஊற்றுகள் இடம் மாறும், கலங்கும். கலங்கல் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள். 2,000 மீட்டருக்கு மேலே உள்ள ஊர் என்றால் மூன்று நிமிடம். விறகு இல்லையென்றால் க்ளோரின் மாத்திரை போட்டு அரைமணி நேரம் வையுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால், பாக்கெட் தீர்ந்திருந்தாலும், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து கலக்குங்கள்.

சோறு விஷயம் கொஞ்சம் மனதை அரிக்கும். எங்கள் கிராமத்தில் முதல் ஐந்து நாள் கிடைத்தது சியூரா, அதாவது நம்ம அவல். வீடு இழந்து, மகனையும் இழந்த ஆமா ஒருவர் எனக்கும் ஒரு கை அவல் அள்ளி வைத்துவிட்டு, “கானா காயௌ?” என்று கேட்டார். சாப்பிட்டியா என்று அர்த்தம். மறுத்தால் அவர் மனம் நோகும். வாங்கினால் அவர் பங்கு குறையும். நான் வாங்கிச் சாப்பிட்டேன். அன்று மதியமே என் பையிலிருந்த பிஸ்கட், பால்பவுடர், வீட்டிலிருந்து கொண்டுபோன நேந்திரங்காய் சிப்ஸ் எல்லாவற்றையும் எடுத்துப் பொது அடுப்பில் வைத்தேன். ஒளித்து வைத்துத் தனியாகச் சாப்பிடுகிற தன்னார்வலரை அந்த ஊர் மன்னித்துவிடும், ஆனால் அதற்குப் பிறகு எதுவும் சொல்லாது. சொல்லாவிட்டால் உங்களால் அங்கே எந்த வேலையும் செய்ய முடியாது.

தார்ப்பாயைச் சரிவுக்குக் கீழே கட்டாதீர்கள். சுற்றிலும் ஒரு சாண் வாய்க்கால் வெட்டுங்கள். கக்கூஸ் குழி தண்ணீர் எடுக்கும் இடத்திலிருந்து 30 மீட்டராவது தள்ளி, தாழ்வான பக்கம் இருக்க வேண்டும். பெண்களுக்குத் தனியாக, மறைப்போடு, டார்ச் கட்டித் தொங்கவிட ஒரு கொம்போடு வையுங்கள். இதை ஆண்கள் யாரும் தாமாக முதல் நாள் யோசிக்கவில்லை. இருட்டும் வரை அடக்கிக்கொண்டிருந்து இரண்டு பெண்கள் காய்ச்சலில் விழுந்த பிறகுதான் குழி வெட்டினோம்.

இறந்த உடல்களால் தொற்றுநோய் பரவும் என்ற பேச்சு கட்டாயம் வரும். பெரும்பாலும் பரவாது. இதை அங்கே உரக்கச் சொல்லுங்கள். குளச்சலில் அந்தப் பயத்தில் அவசர அவசரமாக ஒரே குழியில் புதைத்தோம். தன் பிள்ளை அதற்குள் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அம்மாக்கள் நம் கரையில் இன்றும் இருக்கிறார்கள். எரிப்பதற்கோ புதைப்பதற்கோ முன் முகம், உடை, நகை, தழும்பு, கிடைத்த இடம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைக்க ஐந்து நிமிடம் போதும்.

6. இருப்பதா, கிளம்புவதா

நான்காம் நாள் இந்தக் கேள்வி வரும். 2015இல் இந்திய அரசு ‘ஆபரேஷன் மைத்ரி’ என்ற பெயரில் விமானங்களையும் பேருந்துகளையும் அனுப்பியது. காத்மாண்டுவிலிருந்து விமானத்திலும், ரக்ஸால், சுனௌலி எல்லைகள் வழியாகச் சாலையிலும் ஆயிரக்கணக்கானவர்கள் இந்தியா வந்தார்கள். அந்தக் கதவு சில நாள்தான் திறந்திருக்கும்.

காயம் பட்டிருந்தால் கிளம்புங்கள். தினமும் மாத்திரை வேண்டியவர், மாத்திரை தீரப்போகிறது என்றால் கிளம்புங்கள். மொழி சுத்தமாகத் தெரியாது, பேரிடருக்கு முந்தின வாரம்தான் வந்தீர்கள், ஊரில் உங்களை யாருக்கும் தெரியாது என்றாலும் கிளம்புங்கள். இரவில் தூக்கமே வராமல் பகலில் கை நடுங்கினால், அதுவும் காயம்தான். கிளம்புவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. உங்கள் பங்குத் தண்ணீர் இன்னொருவருக்குப் போகும்.

இருக்கலாம் என்று தோன்றினால், ஊர்ப் பெரியவர் இருவரிடம் நேராகக் கேளுங்கள்: நான் இருந்தால் உதவியா, பாரமா? என்னிடம் அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியர் சொன்ன பதில், “பிள்ளைகளின் பெயரெல்லாம் உனக்குத் தெரியும், இரு.” அந்த ஒரு தகுதியில்தான் ஜூன் நடு வரை இருந்தேன்.

7. இருந்தால் என்ன வேலை

படம் எடுக்கும் வேலை வேண்டாம். சுமை தூக்கும் வேலையில் முதல் வாரம் தாராளமாகக் கையை வைக்கலாம். ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்த, எந்தக் குடும்பத்துக்கும் சொந்தம் இல்லாத ஒரு ஆளுக்கு அந்த நேரத்தில் ஊரில் இருக்கும் பெரிய வேலை, பட்டியல்.

சுனாமிக்குப் பிறகு நம் ஊர்களில் சண்டை வந்ததெல்லாம் பட்டியலில்தான். யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் விட்டுப்போனது, ஒரே வீட்டில் இருந்த இரண்டு குடும்பம் ஒன்றா இரண்டா. 2017இல் ஒக்கிப் புயலின்போது தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கம் இன்னும் மோசம். கடலுக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கே அரசுக்கும் ஊருக்கும் பொருந்தவில்லை. ஊர் பங்கில், அதாவது தேவாலயத்தில், உட்கார்ந்து வள்ளம் வள்ளமாகப் பெயர் எழுதியவர்களின் கணக்குதான் கடைசியில் நின்றது. அதே முறையை அங்கே சொல்லிக்கொடுத்தேன். இரண்டு நோட்டு. வீட்டுக்கு ஒரு வரி: குடும்பத் தலைவி பெயர், ஆள் எண்ணிக்கை, கைக்குழந்தை, கர்ப்பிணி, எழுந்து நடக்க முடியாதவர், வீடு முழுதும் போனதா பாதி போனதா. எழுதி முடித்ததும் அரசமரத்தடியில் எல்லோரையும் கூட்டி, பெயர் பெயராக உரக்கப் படிப்பது. விட்டுப்போனவர் அங்கேயே எழுந்து சொல்வார். பொய் சொன்னவரைப் பக்கத்து வீட்டுக்காரர் அங்கேயே திருத்துவார். ஒரு நோட்டு ஊரில், ஒன்று வரும் அமைப்புகளிடம் காட்ட. பிறகு தற்காலிகக் கொட்டகைக்காக நேபாள அரசு வீட்டுக்கு 15,000 நேபாள ரூபாய் கொடுத்தபோது, எங்கள் வார்டில் சண்டையே வரவில்லை.

பட்டியலில் பெயர் எழுதும்போது மேட்டுத்தெரு, கீழ்த்தெரு என்ற பேதம் அங்கேயும் உண்டு என்பதைப் பார்ப்பீர்கள். தலித் குடும்பங்களின் வீடுகள் ஊருக்குக் கடைசியில், சரிவில் இருந்தன. லாரி நிற்கும் இடத்திலிருந்து அங்கே நடக்க முக்கால் மணி நேரம். பட்டியலை அந்தக் கடைசி வீட்டிலிருந்து ஆரம்பித்து மேலே எழுதி வாருங்கள். இதை யாரிடமும் விளக்க வேண்டியதில்லை, செய்துவிட்டால் போதும்.

இரண்டாவது வேலை, விதை. வெளியிலிருந்து வந்த யாரும் இதைப் பற்றிக் கேட்கவில்லை. மே மாதம் பிறந்தபோது ஊர்க்காரர்கள் அரிசி மூட்டையைவிட அதிகமாகத் தேடியது இடிபாட்டுக்குள் புதைந்துபோன விதைநெல்லையும் சோளத்தையும்தான். ஜூனில் மழை தொடங்கும், அதற்குள் நாற்றுப் போட வேண்டும். தோண்டி எடுத்த சோளம் பாதி மண், பாதி கல். அதை நாங்லோவில் போட்டுப் புடைத்தோம். நாங்லோ என்றால் நம் முறம்தான், பின்னல்கூட அப்படியே. என் அம்மாச்சி சொல்லித்தந்த மாதிரி முறத்தைக் கொஞ்சம் சாய்த்து இரண்டு தட்டு தட்டினேன், கல் முன்னால் வந்தது. சுற்றி இருந்த பெண்கள் முதல் தடவையாகச் சிரித்தார்கள். அன்றிலிருந்து என்னைத் தீதி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நீங்கள் போகும் ஊர் எதுவானாலும், அடுத்த விதைப்பு எப்போது, அடுத்த கடல் சீசன் எப்போது என்று முதலில் கேளுங்கள். அதற்கு என்ன தேவையோ அதுதான் அவசரத் தேவை.

8. ஊரிலிருந்து அனுப்புகிறவர்களுக்கு

உங்கள் பங்கிலும் கல்லூரியிலும் நண்பர்கள் சாமான் சேர்த்து அனுப்பத் துடிப்பார்கள். சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரைச் சாலையில் மலை மலையாகக் கிடந்த பழைய துணிகளை நினைவுபடுத்துங்கள். கம்பளிச் சட்டை, கிழிந்த சுடிதார், ஒற்றைச் செருப்பு. மழையில் நனைந்து நாறி, அள்ளிப் போட ஆள் வைக்க வேண்டியதாயிற்று. பன்னிரண்டு வயதில், யாரோ கழற்றிப் போட்ட துணிக் குவியலில் எனக்கொரு பாவாடை தேடியது இன்னும் நினைவில் இருக்கிறது.

காத்மாண்டு விமான நிலையத்தில் ஓடுபாதை ஒன்றே ஒன்றுதான். நிவாரண விமானங்களின் பாரத்தில் அதுவே சேதமாகி, மே முதல் வாரம் பெரிய விமானங்களை நிறுத்தி வைத்தார்கள். ஒரு பெட்டி வேண்டாத சாமான் ஏறினால் ஒரு பெட்டி தார்ப்பாய் இறங்காது. பணமாக அனுப்பச் சொல்லுங்கள். ஒரு இந்திய ரூபாய் அங்கே 1.60 நேபாள ரூபாய். தார்ப்பாயும் தகர ஷீட்டும் அரிசியும் பக்கத்து டவுனில் வாங்கினால் அங்கே கடை வைத்திருப்பவரும் பிழைப்பார். வாங்கியதற்கு ரசீது, கொடுத்ததற்குக் கையெழுத்து, இரண்டையும் படமெடுத்து அனுப்பியவர்களுக்குக் காட்டுங்கள்.

9. பிள்ளைகள் விஷயத்தில் கறாராக இருங்கள்

பெற்றோரை இழந்த பிள்ளைகளை “நாங்கள் படிக்க வைக்கிறோம்” என்று சொல்லி வண்டி கொண்டுவருபவர்கள் வருவார்கள். நல்ல உடை, நல்ல பேச்சு. சிந்துபால்சோக் ஆள்கடத்தலுக்கு ஏற்கெனவே பேர் போன மாவட்டம். பேரிடருக்குப் பிறகு, பெற்றோரோ பாதுகாவலரோ இல்லாமல் பிள்ளைகளை மாவட்டத்தை விட்டுக் கூட்டிப்போக நேபாள அரசு தடை போட்டது. எந்த நாடானாலும் விதி ஒன்றே: பிள்ளை சித்தப்பாவிடமோ பாட்டியிடமோ இருக்கட்டும், அவர்களுக்கு உதவி செய்யுங்கள். யாராவது கூட்டிப்போக வந்தால் வண்டி எண்ணை எழுதி வைத்துக்கொண்டு போலீசுக்குச் சொல்லுங்கள்.

மே 31ஆம் தேதி பள்ளிகள் மறுபடி திறந்தன. எங்களுக்கு மூங்கிலும் தார்ப்பாயும்தான் பள்ளி. முதல் நாள் கணக்கு நடத்தவில்லை, வருகைப் பதிவும் எடுக்கவில்லை. பதில் சொல்லாத பெயர்களை எப்படிக் கூப்பிடுவது? தலைமை ஆசிரியர் பழைய பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, வந்த பிள்ளைகளின் பெயரைப் புது நோட்டில் அவரவர் கையாலேயே எழுதச் சொன்னார். நான் பென்சில் சீவிக் கொடுத்தேன்.

10. இரண்டாவது அடி

எல்லாம் அடங்கியது என்று நினைத்து சில வீடுகளில் உள்ளே படுக்க ஆரம்பித்தார்கள். மே 12, மதியம் ஒரு மணிக்குக் கொஞ்சம் முன், மறுபடி 7.3. இந்தத் தடவை மையம் எங்கள் பக்கத்திலேயே. எனவே குறைந்தது இரண்டு மாதத்துக்கு, சுவர் விரிந்த எந்தக் கட்டடத்துக்குள்ளும் படுக்காதீர்கள். ஊர்க்காரர் கூப்பிட்டாலும் வெளியே படுங்கள். நீங்கள் வெளியே படுத்தால் அவர்களும் யோசிப்பார்கள். மழை தொடங்கியதும் குலுங்கித் தளர்ந்த மலை சரியும். இரவில் மழை வலுத்தால் மேட்டு முதுகுக்குப் போய்விட வேண்டும் என்று முன்கூட்டியே எல்லோரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

11. ஊர் திரும்பிய பிறகு

கிளம்பும் முன் நோட்டுகளை ஒருவர் கையில் முறையாக ஒப்படையுங்கள். யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். நிறைவேற்ற முடியாத வாக்கு இருந்தால் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.

வீட்டில் முதல் சில வாரம் வேறு மாதிரி இருக்கும். திருவனந்தபுரத்தில் இறங்கி வந்த அன்று இரவு, தெருவில் லாரி போன அதிர்வில் நான் முற்றத்துக்கு ஓடிவிட்டேன். கதவைத் திறந்து வைத்துத்தான் தூங்கினேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. சுனாமிக்குப் பிறகு அவரும் ஒரு வருடம் அப்படித்தான் தூங்கினார். சாப்பாடு வீணாவதைப் பார்த்தால் கோபம் வரும், கல்யாண வீட்டுக்குப் போகப் பிடிக்காது. ஒரு மாதத்தில் தணியவில்லை என்றால் மனநல ஆலோசனைக்கு 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. நான் போனேன், ஐந்து தடவை.

வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: “என்ன நடந்தது, சொல்லு” என்று முதல் நாளே கேட்காதீர்கள். கஞ்சியும் பயறும் மீன் குழம்பும் வைத்துப் பக்கத்தில் உட்காருங்கள். பேச்சு தானாக வரும்.

அந்த ஊரோடு தொடர்பை விடாமல் வைத்துக்கொள்ளுங்கள். நினைவு நாளில் போன் செய்ய நினைத்தால், அவர்களுக்கு அது ஏப்ரல் 25 கிடையாது, பைசாக் 12. அந்த வருடம் நம் சித்திரை 12உம் அதே நாள்தான். சில வருடம் ஒரு நாள் முன்பின் வரும். எங்கள் வீட்டுக் காலண்டரில் ஒவ்வொரு வருடமும் சித்திரை 12ஐ அம்மாதான் வட்டம் போட்டு வைக்கிறார். அன்று காலை நான் போன் போடுவேன். மறுமுனையில் ஆமா எடுத்ததும் கேட்பது அதே கேள்விதான், சாப்பிட்டியா.